பித்தளை விலைக்கு

எனக்குப் புத்தகம் தெரியும் என்பதால்தான் பாஸ்டரம்மா என்னைக் கூப்பிட்டார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் சொல்லப்போகும் சமாதானங்கள் எல்லாம் இந்த இடத்தில்தான் வந்து முட்டிக்கொள்கின்றன.

அவர் கணவர் பேராக்கில் ஒரு சிறிய தமிழ்ச் சபையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஊழியம் செய்தவர். இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அம்மாவைத் தன்னோடு கோலாலம்பூருக்கு அழைத்துப் போக மகள் ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். வீட்டில் மூன்று அலமாரி நிறையப் புத்தகங்கள். "பேப்பர் லாமாக்காரன்கிட்ட போட்டுடலாம்னு மக சொல்றா தம்பி. எனக்கு மனசு வரல. நீ ஒரு நாளு வந்து பாரு. எதை வச்சிக்கணும், எதைக் குடுக்கணும்னு உனக்குத் தெரியும்" என்றார். சனிக்கிழமை காலை போனேன். முதல் அலமாரியை முடிக்கவே மதியமாகிவிட்டது.

இரண்டாவது தட்டில், விளக்கவுரைகளுக்கு நடுவே, மேலுறை இல்லாத ஒரு மெல்லிய புத்தகம். சி. எஸ். லூயிஸ் எழுதிய 'தி ஸ்க்ரூடேப் லெட்டர்ஸ்'. ஒரு மூத்த பிசாசு, மனிதனை எப்படிக் கெடுப்பது என்று தன் மருமகப் பிசாசுக்கு எழுதும் 31 கடிதங்கள். தலைப்புப் பக்கத்தின் அடியில் ஜெஃப்ரி பிளெஸ், சென்டினரி பிரஸ், லண்டன் என்று இருந்தது. சென்டினரி பிரஸ் என்பது ஜெஃப்ரி பிளெஸ் நிறுவனத்தின் கிறிஸ்தவ நூல் முத்திரை. லூயிஸின் 'தி பிராப்ளம் ஆஃப் பெயின்' 1940-இல் அதில்தான் வந்தது. பக்கத்தைத் திருப்பினேன். முதல் வெளியீடு பிப்ரவரி 1942. அதற்குக் கீழே எதுவும் இல்லை.

விஷயம் அந்த வெற்றிடத்தில்தான் இருக்கிறது. புத்தகம் அந்த ஒரே ஆண்டில் மீண்டும் மீண்டும் அச்சாகியது. அதனால் 1942 என்ற ஆண்டை மட்டும் பார்த்து முடிவுக்கு வர முடியாது. மறு அச்சுகளில் முதல் வெளியீட்டு வரிக்குக் கீழே எந்த மாதம் மறுபடி அச்சானது என்று வரிசையாக ஏறிக்கொண்டே போகும். கீழே ஒன்றும் இல்லை என்றால் அது முதல் அச்சு.

என் முகத்தில் ஏதாவது தெரிந்ததா என்று இப்போதும் யோசிக்கிறேன். பாஸ்டரம்மா அடுப்படியில் இருந்தார். "நல்ல புக்கா தம்பி?" என்று அங்கிருந்தே கேட்டார். "நல்ல புக்குதாம்மா" என்றேன். அது பொய் இல்லை.

முதல் அச்சைக் கண்டுபிடிப்பது ஒரு சில்லறை அறிவு. ஆனால் கற்றுக்கொள்ள நாளாகும். பினாங்கு சௌராஸ்தா மார்க்கெட்டின் மாடியில், பழைய புத்தகக் கடைகளில் நின்று நின்றுதான் நான் கற்றேன். இன்றைய ஆங்கிலப் புத்தகங்களில் காப்புரிமைப் பக்கத்தின் அடியில் 10 9 8 7 6 5 4 3 2 1 என்று ஓர் எண்வரிசை இருக்கும். அதில் மிஞ்சியிருக்கும் மிகச் சிறிய எண்தான் அது எத்தனையாவது அச்சு என்பதைச் சொல்லும். இரண்டாம் அச்சுக்குப் போகும்போது 1-ஐ எடுத்துவிடுவார்கள். அச்சுத் தகட்டில் புதிதாக ஒன்றைச் சேர்ப்பதைவிட இருப்பதை அழிப்பது சுலபம், அவ்வளவுதான் காரணம். அமெரிக்கக் கிறிஸ்தவப் பதிப்பாளரான ஜோண்டர்வனின் தொண்ணூறுகளின் புத்தகங்களில் இது இன்னும் கொஞ்சம் நீளம். ஒரு பக்கம் 95 96 97 98 என்று ஆண்டுகள், சாய்கோடுகளுக்கு நடுவே அச்சகத்தின் குறியீடு, மறுபக்கம் அச்சு எண்கள். முதன்முறை பார்ப்பவருக்கு ஏதோ நாலு நம்பர் மாதிரி இருக்கும். 'முதல் பதிப்பு' என்ற சொல்லை மட்டும் நம்பி ஏமாறுபவர்கள் நிறைய. எண் குறைந்துகொண்டே போனாலும் அந்தச் சொல்லைச் சில பதிப்பாளர்கள் எடுக்க மாட்டார்கள். நம் தமிழ்ப் பதிப்பாளர்களோ அச்சு வேறு, பதிப்பு வேறு என்பதையே பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. ஒரு எழுத்துகூட மாறாமல் திரும்ப அச்சடித்ததை 'நான்காம் பதிப்பு' என்று போட்டு விழா எடுப்பார்கள்.

இதெல்லாம் எதற்கு என்று நண்பன் ஒருவன் கேட்பான். "உள்ள இருக்கிற எழுத்து எல்லாத்துலயும் ஒன்னுதானடா?" எல்லா நேரமும் ஒன்று இல்லை. அதை அவனுக்குக் காட்ட நான் எடுக்கும் உதாரணம் 'தி லிவிங் பைபிள்'.

அதை எழுதியவர் கென்னத் டெய்லர். சிகாகோவில் மூடி பிரஸ்ஸில் வேலை பார்த்தவர். வீட்டில் பிள்ளைகளுக்குப் பழைய ஆங்கில வேதாகமம் புரியவில்லை என்று, வேலைக்குப் போகும் ரயிலில் உட்கார்ந்து பவுலின் நிருபங்களை எளிய ஆங்கிலத்தில் திருப்பி எழுதினார். வெளியிட யாரும் முன்வராததால் 1962-இல் தானே 2,000 பிரதிகள் அச்சடித்தார். அதற்காகத் தொடங்கிய நிறுவனம்தான் டின்டேல் ஹவுஸ். முழு வேதாகமமும் 1971-இல் வந்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளும் அமெரிக்காவில் மிக அதிகம் விற்ற புத்தகங்களின் வரிசையில் அதுதான் உச்சியில் இருந்தது.

அந்த 1971 புத்தகத்தில் 1 சாமுவேல் 20:30-ஐப் பார்க்க வேண்டும். சவுல் ராஜா தன் மகன் யோனத்தானைக் கோபத்தில் திட்டும் இடம். எபிரேய மூலத்திலேயே அது தாயை இழுத்துத் திட்டும் வசைதான். டெய்லர் கூச்சப்படாமல் அமெரிக்கத் தெருக்களில் புழங்கும், தாயை இழுக்கும் வசையையே போட்டார். சபைகளில் கொந்தளிப்பு. பிந்தைய அச்சுகளில் அது சாதாரணமாக 'முட்டாளே' என்கிற அளவுக்கு இறங்கிவிட்டது. புத்தகம் அதே புத்தகம், பெயரும் அதேதான். சவுல் மட்டும் இடையில் ஏதோ ஞாயிறு பள்ளிக்குப் போய் வந்தவர் போலப் பேசுகிறார்.

இதில் பதிப்பாளரை நான் குறை சொல்ல மாட்டேன். வீட்டில் சத்தமாக வாசிக்கப்படும் புத்தகம் அது. ஆனால் டெய்லர் முதலில் எதை எழுதத் துணிந்தார் என்பதற்கு அந்த முதல் அச்சுகளைத் தவிர வேறு சாட்சி இல்லை. வேதாகமத்துக்குத் தெருமொழி தகுமா என்பது பெரிய கேள்வி. அந்தக் கேள்வி ஒரு காலத்தில் கேட்கப்பட்டது என்பதே அடுத்த அச்சில் காணாமல் போய்விடுகிறது. முதல் அச்சைத் தேடுவதற்கு என்னிடம் இருக்கும் ஒரே கௌரவமான காரணம் இதுதான்.

டெய்லர் தன் நிறுவனத்துக்குப் பெயர் வைத்த வில்லியம் டின்டேலின் கதையிலேயே இது இருக்கிறது. அவர் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1526-இல் வொர்ம்ஸ் நகரில் அச்சாகி, துணிப் பொதிகளுக்குள் ஒளித்து இங்கிலாந்துக்கு வந்தது. லண்டன் பிஷப் டன்ஸ்டல் கிடைத்த பிரதிகளை எல்லாம் எரித்தார். ஒரு வியாபாரி வழியாகப் பணம் கொடுத்து மொத்தமாக வாங்கியும் எரித்தார் என்றும், அந்தப் பணமே டின்டேல் கைக்குப் போய் அடுத்த, திருத்திய அச்சுக்கு உதவியது என்றும் ஒரு பழைய வரலாற்று நூல் சொல்கிறது. டின்டேலை 1536-இல் கழுத்தை நெரித்துக் கொன்று எரித்தார்கள். அந்த முதல் அச்சில் இன்று மூன்று பிரதிகள்தான் மிஞ்சியுள்ளன. ஒன்றை 1994-இல் பிரிட்டிஷ் நூலகம் ஏறக்குறைய 10 லட்சம் பவுனுக்கு வாங்கியது. எரிக்கப்பட வேண்டிய பொருள், பிறகு எந்த விலைக்கும் வாங்கப்படும் பொருள். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான், அதில் எழுதியிருப்பது. ஆனால் 'ஸ்க்ரூடேப்' அப்படி இல்லை. முதல் அச்சில் இருப்பதுதான் அடுத்தடுத்த அச்சிலும் இருக்கிறது. அதாவது பாஸ்டரம்மா வீட்டில் என் கை நடுங்கியது சாட்சியத்துக்காக இல்லை. விலைக்காகத்தான்.

இரண்டு பெட்டி நிறைய எடுத்து வைத்தேன். அந்தப் புத்தகம் இரண்டாவது பெட்டியில், நடுவில். "எடுத்துக்க தம்பி, காசெல்லாம் வேணாம்" என்றார். நான் கேட்கவில்லை. அறுபது ரிங்கிட்டை மேசைத் துணிக்கு அடியில் வைத்து, "இல்லம்மா, சும்மா எடுத்துக்கிட்டா நல்லா இருக்காது" என்றேன். நாகரிகமாகத்தான் தெரிந்தது. சும்மா வாங்கியிருந்தால் அது அன்பளிப்பு. அன்பளிப்பாக ஒன்றைக் கொடுப்பவரிடம், 'இதன் மதிப்பு தெரிந்துதான் தருகிறீர்களா' என்று கேட்காமல் இருக்க மனம் கூசும். பணம் கொடுத்துவிட்டால் வியாபாரம். வியாபாரத்தில் அவரவர் பாட்டை அவரவர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு வழி திறந்துவிடுகிறது. அந்த அறுபது ரிங்கிட் புத்தகங்களுக்காகக் கொடுத்தது அல்ல என்பது வீட்டுக்கு வரும் வழியில் சிம்பாங் தாண்டுவதற்குள்ளேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

பிறகு படிக்க ஆரம்பித்தேன். மனச்சாட்சி உறுத்தினால் சிலர் ஜெபிப்பார்கள், நான் எனக்குச் சாதகமாக யாராவது எழுதியிருக்கிறார்களா என்று தேடுவேன்.

ஆட்கள் கிடைத்தார்கள். கிறிஸ்துவுக்கு 44 ஆண்டுகளுக்கு முன் சிசரோ 'கடமைகள்' பற்றி எழுதிய நூலின் மூன்றாம் பகுதியில் ஒரு வழக்கு வருகிறது. ரோட்ஸ் தீவில் பஞ்சம். அலெக்சாண்ட்ரியாவிலிருந்து ஒரு வியாபாரி தானியக் கப்பலோடு வந்து சேர்கிறான். பின்னாலேயே இன்னும் பல கப்பல்கள் வந்துகொண்டிருப்பது அவனுக்குத் தெரியும், ஊராருக்குத் தெரியாது. சொல்ல வேண்டுமா? சொல்லத் தேவையில்லை என்கிறார் பாபிலோனைச் சேர்ந்த டயோஜெனஸ். பொருளில் குறை இருந்தால் சொல்ல வேண்டும், பொய் சொல்லக் கூடாது, மற்றபடி சொல்லாமல் இருப்பதும் மறைப்பதும் ஒன்றல்ல என்பது அவர் கட்சி. அவருடைய மாணவர் அன்டிபேட்டர் எதிர்க்கட்சி. விற்பவனுக்குத் தெரிந்தது எல்லாம் வாங்குபவனுக்கும் தெரிய வேண்டும், மனிதர்கள் ஒருவருக்கொருவர் உதவவே கூடி வாழ்கிறார்கள் என்கிறார். நவீன காலத்தில் டயோஜெனஸுக்குக் கிடைத்த நல்ல வக்கீல் ஆந்தனி குரோன்மன் என்ற அமெரிக்கச் சட்ட அறிஞர். உழைத்துத் தேடிய தகவலையும் தற்செயலாகக் காதில் விழுந்த தகவலையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று 1978-இல் எழுதினார். உழைத்துத் தேடியதை இலவசமாகச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று சட்டம் போட்டால் யாரும் எதையும் தேடிக் கற்க மாட்டார்கள் என்பது அவர் வாதம். இதைப் படித்த அன்று நிம்மதியாகத் தூங்கினேன். சௌராஸ்தாவில் ஆறு வருடம் தூசு தின்றவன் நான். அந்த அறிவு என் உழைப்பு.

வேதாகமமும் என் பக்கம் இருப்பதுபோலத்தான் முதலில் தெரிந்தது. மத்தேயு 13:44. நிலத்தில் புதைந்த பொக்கிஷத்தைக் கண்ட ஒருவன் அதைத் திரும்ப மூடிவிட்டு, தனக்குள்ளதையெல்லாம் விற்று அந்த நிலத்தை வாங்குகிறான். பரலோக ராஜ்யம் அப்படிப்பட்டது. எத்தனையோ பிரசங்கங்களில் இதைக் கேட்டிருக்கிறேன். அவனுடைய சந்தோஷத்தைப் பற்றிப் பேசுவார்கள், எல்லாவற்றையும் விற்றானே என்று மெச்சுவார்கள். நிலத்தை விற்றவனைப் பற்றி யாரும் வாயைத் திறந்து நான் கேட்டதில்லை. அவனுக்குப் பிறகு தெரிந்ததா? சந்தையில் இருவரும் எதிரெதிரே வந்தார்களா? உவமையை அப்படியெல்லாம் இழுக்கக் கூடாது, அது ராஜ்யத்தின் மதிப்பைச் சொல்கிறது, நில பேரத்தின் ஒழுக்கத்தை அல்ல என்பார்கள். சரிதான். ஆனால் அந்த 'திரும்ப மூடிவிட்டு' மட்டும் எனக்குள் குத்திக்கொண்டே இருந்தது. நான் அந்தப் புத்தகத்தை வைத்தது இரண்டாவது பெட்டியில், நடுவில்.

சிசரோவிடமே திரும்பப் போனேன். அங்கே தானியக் கப்பலைவிட எனக்கு நெருக்கமான இரண்டு இடங்கள் இருந்தன. பித்தளை என்று நினைத்து ஒருவன் தங்கத்தை விற்கிறான், ஆயிரம் காசு பெறுமானதை ஒரு காசுக்கு நல்ல மனிதன் வாங்கிக்கொள்வானா, இல்லை இது தங்கம் என்று சொல்வானா என்று ஓரிடத்தில் கேட்கிறார். என் கதையேதான். இன்னோர் இடத்தில் ஸ்கேவோலா என்ற ரோமானியர் ஒரு நிலத்துக்கு விலை கேட்கிறார். விற்பவர் சொன்ன தொகையைக் கேட்டுவிட்டு, என் கணக்கில் இது கூடுதலாகப் பெறும் என்று மேலே ஒரு லட்சம் சேர்த்துக் கொடுக்கிறார். நல்லவர்தான், ஆனால் புத்திசாலி இல்லை என்று ஆட்கள் பேசுவார்கள் என்கிறார் சிசரோ. அந்தப் பிரிவினையைத்தான் அவர் ஏற்கவில்லை. நம்மிடம் பட்டினப்பாலை இருக்கிறது. வாங்கும்போது கூடுதலாக எடுக்காத, கொடுக்கும்போது குறைத்துக் கொடுக்காத பூம்புகார் வணிகர்களைப் பள்ளிக்கூடத்திலேயே மனப்பாடம் செய்திருக்கிறோம். வாங்கும்போது என்றுதான் அது தொடங்குகிறது என்பதை நான் கவனித்தது இந்த வயதில்தான்.

குரோன்மனின் வாதம் இன்றும் எனக்குத் தப்பாகப் படவில்லை. சௌராஸ்தாவில் கடை போட்டிருப்பவருக்குப் புத்தகம்தான் தொழில். அவர் ஐந்து ரிங்கிட் என்று சொன்னதை நான் ஐந்து ரிங்கிட்டுக்கு வாங்குவேன், நாளைக்கும் வாங்குவேன். அவரும் என் அறியாமையில் சம்பாதித்த நாட்கள் உண்டு. இதில் முரண் இருக்கிறது என்றால் இருக்கட்டும். ஆனால் பாஸ்டரம்மா கடை போடவில்லை. தனக்குத் தெரியாது என்று அவருக்குத் தெரியும். அதனால்தான் தெரிந்த ஒருவனைக் கூப்பிட்டார். நான் அங்கே போனது வாங்குபவனாக இல்லை, அவருக்குக் கண்ணாக. ஆறு வருட உழைப்பு என்னுடையது என்பது உண்மை, அன்றைக்கு ஒரு நாள் அதை அவர் இரவல் கேட்டிருந்தார். இரவல் தருவதாக ஒப்புக்கொண்டு போய், கதவைத் தாண்டியதும் நான் ஆள் மாறிவிட்டேன்.

இன்னொன்றும் இருந்தது. இதைத் தற்செயல் என்று தள்ளிவிடலாம், என்னால் முடியவில்லை. 'ஸ்க்ரூடேப்' கடிதங்கள் புத்தகமாவதற்கு முன் 1941-இல் 'தி கார்டியன்' என்ற ஆங்கிலிக்கன் வார இதழில் வந்தன. கடிதத்துக்கு இரண்டு பவுன் சன்மானம். லூயிஸ் அதைத் தொடவில்லை. இறந்துபோன குருமார்களின் விதவைகளுக்கான நிதிக்கு அனுப்பச் சொல்லிவிட்டார். அந்தப் புத்தகம் ஈட்டிய முதல் பணம் போதகர்களின் விதவைகளுக்குப் போனது. அதன் முதல் அச்சை ஒரு போதகரின் விதவையிடமிருந்து நான் மேசைத் துணிக்கு அடியில் அறுபது ரிங்கிட் வைத்து எடுத்து வந்திருந்தேன்.

மூன்று வாரம் அது என் மேசையில் கிடந்தது. அது வெளியான பிப்ரவரியில்தான் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தது. அப்போது இந்தப் பக்கம் வந்திருக்க வழியில்லை. முன்பக்கத்தில் மசியில் ஏதோ ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளும் 1947 என்ற ஆண்டும் இருந்தன. யாரோ ஒரு துரையோ மிஷனரியோ பெட்டியில் கொண்டுவந்து, போகும்போது விட்டுவிட்டுப் போயிருக்க வேண்டும். பக்க ஓரங்களில் பாஸ்டரின் பென்சில் எழுத்து, தமிழில். சேகரிப்பவர்கள் கணக்கில் மேலுறை போனால் விலையில் பெரும்பகுதி போச்சு, பென்சில் கோடு இருந்தால் இன்னும் போச்சு. அழிப்பானை எடுத்து ஒரு பக்கத்தின் மூலையில் வைத்துப் பார்த்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். அழிக்கவில்லை. ஆனால் எடுத்தேன்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் புத்தகத்தோடு போனேன். சுற்றி வளைக்காமல் சொன்னேன். "இது மொத அச்சும்மா. அபூர்வம். கவர் இல்லாட்டியும் ஆயிரம் ரிங்கிட்டுக்குக் குறையாது. நீங்க வித்தா விக்கலாம், நான் ஆள் பாத்துத் தரேன்."

நான் எதிர்பார்த்தது, 'பரவாயில்ல தம்பி, நீயே வச்சிக்க' என்ற மாதிரி ஒன்றை. எதிர்பார்த்தேன் என்பது அது வராதபோதுதான் எனக்கே தெரிந்தது. அவர் புத்தகத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "அன்னிக்கே தெரியுமா உனக்கு?" என்று கேட்டார்.

"தெரியும்மா."

வேறெதுவும் கேட்கவில்லை. தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தார். பென்சில் எழுத்துகளைக் கண்ணுக்கு அருகில் வைத்து ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார், வாசித்தாரா என்று தெரியவில்லை. நான் கிளம்பும்போது உள்ளே போய் அறுபது ரிங்கிட்டை எடுத்துவந்து என் கையில் வைத்தார். ஐம்பது ஒன்று, பத்து ஒன்று. நான் கொடுத்த அதே தாள்களாகத்தான் இருக்கும். "மத்த புக்குங்கள நீயே வச்சிக்க" என்றார். 'தம்பி' என்று சொல்லவில்லை.

மீதி இரண்டு அலமாரிகளைப் பார்க்க என்னைக் கூப்பிடுவார் என்று காத்திருந்தேன். ஒரு மாதம் கழித்து மகளுக்குச் செய்தி அனுப்பிக் கேட்டேன். வீட்டைக் காலி செய்துவிட்டார்களாம். அந்த ஒரு புத்தகத்தை மட்டும் அம்மா தன் துணிப்பெட்டியில் வைத்துக்கொண்டாராம். மற்றதெல்லாம் பேப்பர் லாமா வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டது என்று எழுதியிருந்தார். மூன்றாவது அலமாரியின் கண்ணாடி வழியே அன்று பார்த்திருந்தேன். மெட்ராஸ் கிறிஸ்தவ இலக்கியச் சங்கத்தின் பழைய தமிழ் வெளியீடுகள், ஒரு முழத்துக்கு மேல், முதுகுத்தாள் உரிந்து. அவற்றில் எண்வரிசை எல்லாம் இருக்காது. பழைய மிஷன் வெளியீடுகள் சிலவற்றில் எத்தனை பிரதிகள் அச்சடித்தார்கள் என்பதைத் தலைப்புப் பக்கத்திலேயே போட்டிருப்பார்கள். அதைப் பார்க்கத்தான் அடுத்த சனிக்கிழமை என்று வைத்திருந்தேன்.